உறை பிரிக்காத நாற்காலிகள்

பாறசாலையில் சாரின் பங்குத் தரகு அலுவலகத்தில் போன் எடுப்பது என் வேலை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆட்களின் முகம் பார்த்துப் பேசக் கூசும். போனில் முகம் கிடையாது. எந்தப் பங்கு, எத்தனை என்று வாடிக்கையாளர் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லி, அவர் 'சரி' என்ற பிறகுதான் வாங்குவோம். "ஒரு வாக்கு கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது கேட்டியா" என்று முதல் நாளே சார் சொல்லியிருந்தார்.

ஒரு பங்கு வாங்கினாலும் ஆயிரம் வாங்கினாலும் ஒரே சின்னக் கமிஷன் என்று இந்தப் பக்கத்தில் முதலில் வைத்தவர் அவர்தான். மற்ற தரகர்கள் சிரித்தார்கள். அம்பூரி ரப்பர்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் அவரிடம்தான் வந்தார்கள். குடும்பம் இல்லாத மனிதர். சம்பாதித்ததில் பெரும்பகுதியைத் தான் படித்த பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: அதன் கிளை மையத்தில், பஸ் வரும்வரை பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு பெரிய அறை. தான் படித்தபோது பஸ்ஸுக்காக மதிலோரம் நின்றே கால் கடுத்தது என்பார்.

அறை திறந்த பிறகு மாதாமாதம் அங்கே பத்திரிகைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பானது. முதல் மாதமே கதவில் பூட்டு. அடுத்த மாதமும். பத்திரிகைகளை வாங்கிக்கொண்டு நோட்டில் என் கையெழுத்து வாங்கும் கிளார்க்கிடம் ஏன் என்று கேட்க வாய் வரவில்லை.

திரும்பியதும் சார் கேட்பார்: "பிள்ளையள் இருந்து படிக்குதா மக்கா?"

"உண்டு சார். நிறைய உண்டு."

போன வருடம் அவருக்கு நுரையீரல் நோய் முற்றியது. "அந்தப் பிள்ளையள் இருக்கதை ஒருக்கா கண்டுட்டுப் போயிரணும்" என்றார். ஆட்டோவில் கூட்டிப் போனேன். உண்மையைச் சொல்லிவிட வழியெல்லாம் நினைத்தேன். நெய்யாற்றின்கரை தாண்டியும் சொல்லவில்லை.

மையத்தின் கிளார்க் சாவியோடு ஓடிவந்து திறந்தார். உள்ளே நாற்காலிகள் வந்த அன்றைய பிளாஸ்டிக் உறையோடு வரிசையாக நின்றன.

"ஒரு கீறல் உண்டா பாருங்க சார்! பிள்ளையளை விட்டா ஒரு மாசத்துல நாசமாக்கிப் போடும். சாருக்க கொடையாக்கும், பொன்னு போல வச்சிருக்கோம்."

அவர் முகத்தில் அத்தனை பெருமை. சார் கோபப்படவில்லை. ஜன்னல் வழியே பார்த்தார். மதிலோரம் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நின்றார்கள். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இங்க எத்தனை பேரு இருக்கு மக்கா? உள்ளதைச் சொல்லு."

"யாரும் இல்ல சார்."

"சரி" என்றார், போனில் வாடிக்கையாளர் சொல்வது போல.

ஒரு நாற்காலியின் உறையை உரிக்கத் தொடங்கினார். நான் மறுமுனையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு நாற்காலி ஆனதும் அவருக்கு மூச்சு முட்டியது. ஒன்றில் உட்கார்ந்தார். வெளியே பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது.

அந்த மாதக் கடைசியில் அவர் இறந்தார். பத்திரிகைகளோடு மறுபடி போனேன். கதவில் பூட்டு. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் உறையில்லாத நாற்காலிகள் இரண்டே. அறையைத் திறந்து பிள்ளைகளை உட்கார விடுங்கள் என்று கிளார்க்கிடம் சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தேன்.

"ஒரு ஒப்பு போடுங்க" என்று அவர் நோட்டை நீட்டினார்.

போட்டேன்.