காலடிப்பேட்டையில் கரை ஒதுங்கிய கார்

எங்கள் தெருவில் பொய் சொல்லத் தெரியாத ஆள் யார் என்று கேட்டால் சவரிநாதனைத்தான் காட்டுவோம். சொல்லமாட்டார் என்றில்லை, சொன்னால் மாட்டிக்கொள்வார். இருபது வருடம் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டி இடுப்பு போனபிறகு, மனைவி ரேகாவின் நகையை விற்று ஒரு பழைய கார் வாங்கி டாக்ஸி ஓட்டினார். தெருவிலேயே அது ஒன்றுதான் கார்.

போன வருடம் மாநகராட்சியிலிருந்து கணக்கெடுக்க வந்தவர்கள், "வீட்டுல நாலு சக்கர வண்டி இருக்கா?" என்று கேட்டார்கள். இருந்தால் ரேஷன் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று எவனோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டிருந்தான்.

"சைக்கிளுக்கே காத்தடிக்க வக்கில்ல, காரா?" என்றார் சவரி.

"அப்போ வாசல்ல நிக்கிறது?"

"ராயபுரத்துலேர்ந்து விருந்தாளி வந்துகீறாரு சார்."

நாங்களும் கூடச் சேர்ந்து சத்தியம் செய்தோம். இதிலெல்லாம் எங்கள் ஒற்றுமையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

விளைவு, 'கார் இல்லாமல் வாழும் மாதிரித் தெரு'வாக எங்கள் தெருவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கொண்டுவந்து காட்டிய திட்டப் படத்தில் மரம், பெஞ்சு, பந்து விளையாடும் பிள்ளைகள், எங்கள் பக்கம் யாரும் பார்த்திராத ஒரு சடை நாய், எல்லாம் இருந்தன. ஒரு சனிக்கிழமை ஆட்கள் வந்து தெருவின் இரண்டு முனையிலும் முழங்கால் உயரத்துக்குப் பூச்செடிச் சுவர் கட்டினார்கள். வேளாங்கண்ணி சவாரி முடித்து வந்த சவரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் குட்டு உடைந்துவிடுமே என்று, காரின் மேல் நீலத் தார்ப்பாயைப் போட்டுவிட்டு நாங்கள் சும்மா இருந்துவிட்டோம்.

சாயங்காலம் எழுந்து வந்து பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவிங்களா, என் பொழப்பு உள்ள மாட்டிகிச்சேடா!"

"ஆபீஸ்ல போய்ச் சொல்லு அண்ணாத்த."

"இன்னான்னு சொல்றது? இல்லாத கார் மாட்டிகிச்சின்னா?"

பதினோரு நாள் சவாரி இல்லை. வீட்டில் ரேகா பேசுவதையே நிறுத்திவிட்டாள். வயிற்றெரிச்சல் என்னவென்றால், தெரு உண்மையிலேயே நன்றாக இருந்தது. குறுக்கே பறக்கும் பைக் இல்லை, ஹாரன் இல்லை. சவரியே பெஞ்சில் உட்கார்ந்துதான் அந்தப் பெஞ்சைத் திட்டினார்.

பன்னிரண்டாம் நாள் திட்ட அதிகாரி அம்மா வந்தார். மறுநாள் திறப்பு விழா. தார்ப்பாயைப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

பெட்டிக்கடை பதுருன்னிசா கண்ணைக்கூட இமைக்காமல், "மீன்புடிக்கிற போட்டு மேடம். ரிப்பேரு" என்றாள்.

கடல் ஐந்து நிமிட நடை. அந்த அம்மா நம்பிவிட்டார். "விழாவுக்கு இங்க நிக்கக்கூடாது. கரைக்குக் கொண்டுபோங்க" என்று எட்டு ஆட்களையும் கொடுத்தார். தானாக வந்த அதிர்ஷ்டத்தை விடுவோமா? தெருவில் கடலுக்குப் போகிறவர்கள் பத்துப்பேர் பாய்ந்து வந்து, படகைத் தூக்குவதுபோலவே 'ஏலேலோ' போட்டுத் தூக்கினார்கள். முன்பாதி சுவரைத் தாண்டும்போது தார்ப்பாய் அரளிச்செடியில் மாட்டி உருவிக்கொண்டது. மஞ்சள் நம்பர் பிளேட்டு, ஸ்டீயரிங், கண்ணாடியில் மாதா படம், மொத்தமும் வெளியே வந்துவிட்டது.

அதிகாரி சுற்றிவந்து பார்த்தார். "இந்தப் போட்டுக்கு ஸ்டெப்னியெல்லாம் இருக்கே?"

தூக்கியவர்களில் ஒருவன், "மேடம், சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்க, கை வுட்டுப்போவுது" என்றான்.

சவரிக்கு அழுகை வந்துவிட்டது. "பொய்தான் மேடம். பொண்டாட்டி நகைய வித்து வாங்கினது. கார் கீதான்னு கேட்டாங்களே, எதுக்குக் கீதுன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?"

"எம் பொண்ணு பிரசவத்துக்கு இதுலதான் போனா. இப்ப வலி எடுத்தா எந்தப் பக்கமா இட்டுகினு போறது?" என்றாள் பதுருன்னிசா.

எனக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சடை நாய்க்கு இடம் விட்டு வரைந்தவர்களுக்கு ஓர் ஆம்புலன்ஸ் ஞாபகம் வரவில்லையே! அதிகாரி திட்டப் படத்தை எடுத்து விரித்து வெகுநேரம் பார்த்தார். யாரையும் திட்டவில்லை. "முதல்ல அதை அந்தப் பக்கம் இறக்குங்க" என்றார்.

இப்போது ஒரு முனையில் சுவரை இடித்துவிட்டு, பூட்டைத் திறந்தால் கழற்றக்கூடிய இரும்புத் தூண் நட்டிருக்கிறார்கள். கார் மெயின்ரோட்டில் நிற்கிறது. சவரி முனகிக்கொண்டே நடந்து வருகிறார். தூணின் சாவி பதுருன்னிசா கடை ஆணியில் தொங்குகிறது. இதுவரை மூன்று முறை திறந்திருக்கிறோம். மூன்றும் ஆஸ்பத்திரிக்கு, மூன்றும் சவரியின் காருக்காக. காகிதத்தில் இன்றைக்கும் எங்கள் தெருவில் ஒரு கார்கூடக் கிடையாது. அதனால் சாவியோடு வந்த அட்டையில் அந்த அம்மா தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்: 'அவசர காலத்தில் படகு செல்ல மட்டும்.'