ஒடிக்காத முள்

எங்கள் பிளஸ் டூ விலங்கியல் ஆசிரியர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வருவார். சதுரங்கப்பட்டினத்து மீனவப் பிள்ளைகள் அருகில் போனால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

“மீன் விக்கப் போற பொண்ணுக்கு பயாலஜி எதுக்கும்மா?” என்று வகுப்பிலேயே என்னைக் கேட்டார்.

செய்முறை வகுப்புக்கு ஒரு கெளுத்தி மீன் தேவைப்பட்டது. நானே கொண்டுபோனேன். வலையிலிருந்து எடுத்ததுமே அதன் விஷமுட்களை ஒடித்துவிடுவது எங்கள் வழக்கம். அன்று வேண்டுமென்றே ஒடிக்கவில்லை. முதுகைப் பிடித்துத் தூக்கிய ஆசிரியர் அலறினார். அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் அடங்கியது.

மறுநாள் வீங்கிய கையோடு வந்து என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

“கெளுத்திக்கு எத்தினி முள்ளு?”

“மூணு கீது சார்.”

“ஒண்ண எனக்குக் குடுத்துட்ட. மீதி ரெண்டையும் நீயே வெச்சிக்கோ. உக்காரு.”

அவர் என்னை மன்னித்தாரா, தெரியாது. அந்தக் கைக்குட்டையை மட்டும் அதன்பிறகு நான் பார்க்கவேயில்லை.