விராலின் வயிற்றில் இருந்தவை

அந்த விராலின் வயிறு உப்பியிருந்ததைப் பார்த்து, முட்டை நிறைந்திருக்கிறது என்றுதான் நானும் என் கணவரும் நினைத்தோம். மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தில்லிக்கு வெளியே, ஹரியானா பக்கம், ஒரு விவசாயியின் குளத்தில் காலையில் என் தூண்டிலில் மாட்டியது. ஒரு முழத்துக்குக் கூடுதலாக இருந்தது. ஆனால் கரைக்கு இழுக்கும்போது அது சண்டையே போடவில்லை. விரால் மாட்டினால் தூண்டில் கம்பு வளைந்து மணிக்கட்டு வலிக்கும். இது ஈரத்துணி மாதிரி கூடவே வந்தது. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் மதுரைக்காரி. கல்யாணத்துக்குப் பிறகு தில்லி வந்தவள், குர்கானில் வேலை. கணவர் இங்கேயே பிறந்து மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். அரசு வேலை, கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் மாவு உருண்டையைக் கோத்துப் போட்டுவிட்டுக் குளக்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கும். எனக்குச் சும்மா உட்கார வராது. போனில் வீடியோ பார்த்து, தூண்டிலில் இரையாகக் கோக்கிற ரப்பர் புழு, ரப்பர் மீன் என்று வாங்கத் தொடங்கினேன். அந்த வீடியோக்களில் இருந்தவர்கள் அமெரிக்காவில் பாஸ் என்ற மீனைப் பிடிப்பவர்கள். அந்த மீன் நம் பக்கம் இல்லை. ஆனால் அதைப் போலவே புல்லுக்கடியில் பதுங்கியிருந்து, போகிற தவளையைப் பாய்ந்து கவ்வுவது நம் விரால். அதற்குப் பலித்தது இதற்கும் பலித்தது.

ஒரே வருடத்தில் எனக்கு அதில் கர்வமே வந்துவிட்டது. கலங்கிய தண்ணீரில் கறுப்பும் ஊதாவும், தெளிந்த தண்ணீரில் வெள்ளை. புல் அடர்ந்த இடத்தில் தூண்டில் முள்ளின் நுனியை ரப்பருக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும், அப்போதுதான் சிக்காது. உப்பும் பூண்டு வாடையும் சேர்த்துச் செய்த புழு என்றால் மீன் கவ்வியதும் துப்பாமல் இன்னும் கொஞ்சம் வாயில் வைத்திருக்கும். எவ்வளவு மென்மையோ அவ்வளவு நன்றாக நெளியும் என்பதால் இருப்பதிலேயே மென்மையானதைத் தேடி வாங்குவேன். அது சீக்கிரம் கிழியும். கிழிந்ததைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு அடுத்ததைக் கோப்பேன். அந்தக் குளத்துக்கு வருகிற எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

விராலை வீட்டில் சுத்தம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. வழியில் ஒரு மீன் கடையில் வண்டியை நிறுத்தினோம். கணவர் மீனைக் கொடுத்துவிட்டு, "முட்டையைத் தனியா எடுத்துத் தரச் சொல்லிருக்கேன். ஜல்தி முடிச்சிடுவான்" என்றார்.

கடைக்காரர் வயிற்றைக் கீறிவிட்டுக் கையை உள்ளே விட்டார். விட்ட கை அப்படியே நின்றது. பிறகு எதையோ பிடித்து இழுத்துப் பலகை மேல் போட்டார்.

"மேடம், யே க்யா ஹை?" இது என்ன என்று கேட்டார்.

அது முட்டை இல்லை. கட்டை விரல் பருமனில் ஒரு பச்சை உருண்டை. அடுத்ததாக ஒரு கறுப்பு வால். அதற்கடுத்து ஆரஞ்சு நிறத்தில் ஒன்று. அவர் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். மொத்தம் ஏழு. எல்லாம் ஊதிப்போய், மென்மை போய், விறைத்திருந்தன. ஒரு மீன் முள் இல்லை, தவளைக் கால் இல்லை, ஒரு பூச்சி கூட இல்லை. வயிறு முழுக்க ரப்பர்.

ஏழாவது ஊதா நிறம். அதன் பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு திட்டு ஒட்டியிருந்தது. அதை எனக்குத் தெரியும்.

போன மே மாதம் ஒரு பாக்கெட்டை வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டேன். வெயிலில் உருகி, ஊதாப் புழுவும் வெள்ளைப் புழுவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எரிச்சலோடு பிய்த்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அப்படியே குளத்தில் வீசினேன். மீன் கடித்து இழுத்துக்கொண்டு போனதல்ல அது. அதில் தூண்டில் முள் ஏறிய துளையே இல்லை. நான் வீசியது.

கடைக்காரர் மீனைப் புரட்டி அதன் முதுகை விரலால் அழுத்திக் காட்டினார். சதையே இல்லை. தோலுக்கு அடியில் எலும்பு தட்டுப்பட்டது. "பூக்கி தீ பேச்சாரி" என்றார். பாவம், பசியோடு கிடந்திருக்கிறது என்று.

வரிசையில் நின்றிருந்த ஓர் அம்மா, இந்தக் கடை மீனெல்லாம் இப்படித்தானா என்று ஹிந்தியில் கேட்டார். கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. இது என் மீன் இல்லை, இவர்கள் கொண்டுவந்தது என்று எங்களைக் கைகாட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்த ஊதாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வா, போலாம்" என்றார் கணவர். "இதைச் சாப்பிட வேணாம்."

"அது நான் போட்டதுங்க."

"எது?"

"அந்த ஊதா. நான் தூக்கிப் போட்டேன்ல, வண்டில உருகினது."

அவர் அதைப் பார்த்தார். நினைவு வந்தது முகத்தில் தெரிந்தது. ஏழு துண்டுகளையும் ஒரு பையில் போட்டு வாங்கிக்கொண்டார்.

பால்கனியில் பேப்பர் விரித்து அவற்றைப் பரப்பி வைத்தேன். எனக்குத் தெரிந்த பாக்கெட்டுகள், தெரிந்த நிறங்கள். மீனைக் கொல்கிறேன் என்று எனக்குத் தெரியும், அதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. நிறைந்த வயிற்றோடு பட்டினி கிடக்க வைக்க முடியும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அடுத்த ஞாயிறு கம்பு எடுத்துப் போகவில்லை. ஒரு கைவலையும் வாளியும் எடுத்துப் போனோம். கணவர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். புல்லின் வேரடியிலிருந்து புழுவும் வாலும் வந்துகொண்டே இருந்தன. சேற்றோடு வாளி பாதி நிறைந்தது.

குளத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். செத்து மிதக்கிற மீனைக் கீறிப் பார்த்தபோது இரண்டு முறை இதைப் பார்த்திருக்கிறாராம்.

"ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்று ஹிந்தியில் கேட்டேன்.

"ஹமே லகா, ஆப் லோகோன் கோ பதா ஹோகா" என்றார். உங்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. மீன் கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

நான் மீன் பிடிப்பதை விட்டுவிடவில்லை. விட்டேன் என்று சொன்னால் பொய். இப்போது இழுத்தால் ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டு கொடுக்கிற கெட்டியான புழுவாகப் பார்த்து வாங்குகிறேன். அது அவ்வளவு நன்றாக நெளிவதில்லை, மீனும் குறைவாகத்தான் வருகிறது. தலைப்பக்கம் மெல்லிய கம்பியால் முள்ளோடு சேர்த்துக் கட்டுகிறேன். கிழிந்தது சட்டைப் பைக்குள் போகிறது. மற்றவர்களிடமும் சொல்லிப் பார்த்தேன். சிலர் கேட்டார்கள். ஒருவர், மேடம், கடல் பூரா பிளாஸ்டிக்தான், இது என்ன என்று சிரித்தார்.

போன மாதம் மறுபடி ஒரு விரால் மாட்டியது. நன்றாகச் சண்டை போட்டது. கரையில் ஈரமான இரண்டு கைகளாலும் ஏந்தி, வயிற்றைக் கட்டை விரலால் மெல்லத் தடவினேன். கணவர் குனிந்து பார்த்தார்.

"இருக்கா?"

"தெரியலங்க. வெளியிலிருந்து தெரியாது."

தண்ணீரில் இறக்கினேன். ஒரு கணம் என் கைகளுக்கு நடுவிலேயே நின்றது, பிறகு புல்லுக்கடியில் போய்விட்டது.