மரத்துப்போன வலது கை

எங்கள் வீட்டுக்காரர் போக்குவரத்துப் போலீஸ். நாற்சந்தியில் அவர் கையைத் தூக்கினால் லாரி நிற்கும், பேருந்து நிற்கும். வீட்டில் பூனைகூட நிற்காது. இத்தனை வருடப் புகை நுரையீரலைத் தின்றுவிட்டது. போதாக்குறைக்குப் போன வாரம் ஒரு ஸ்கூட்டர்காரன் வந்து இடித்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது.

முழு மயக்கம் கொடுத்தால் இந்த நுரையீரல் தாங்குமா என்று அறுவை மருத்துவர் இழுத்தார். அப்போதுதான் மயக்க மருந்து டாக்டரம்மா உள்ளே வந்தார்.

"கையை மட்டும் மரத்துப்போக வெச்சிடலாம்மா. அக்குள்ல ஊசி. ஸ்கேன்ல நரம்பைப் பாத்துத்தான் போடுவேன். மூச்சுக்கு ஒண்ணும் ஆகாது."

"கை திரும்ப வருமா?" என்றார் இவர். அவருக்கு அது ஒன்றுதான் கவலை. கை விளங்காவிட்டால் ஸ்டேஷனுக்குள் நாற்காலி வேலை. அதற்குச் சாவதே மேல் என்பார், அப்படியொரு வீம்பு.

"சாயங்காலத்துக்குள்ள உணர்ச்சி வந்துடும்."

மத்தியானம் அறுவை முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டிலில் கிடத்தியதும், "கை மேல தூக்கியே இருக்கு, இறக்கி விடு" என்றார். கையோ கட்டுப்போட்டு வயிற்றின் மேல் கிடந்தது. ஊசி போடும்போது தூக்கி வைத்திருந்தார்களாம், மூளை அங்கேயே நின்றுவிட்டது என்றாள் நர்ஸ்.

"விடுங்க, கொஞ்ச நேரம் டிராபிக் நிக்கட்டும்" என்றேன். இருவரும் சிரித்தோம். அப்புறம் அந்தக் கையின் விரலைக் கிள்ளிப் பார்த்தேன். பிசைந்த மாவு மாதிரி இருந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது.

மரப்பு விலகும் முன்பே போடச் சொல்லி வலி மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள் நர்ஸ். மனுஷன் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

"வலிக்கட்டும்டி. வலிச்சாத்தானே கை என்னுதுன்னு தெரியும்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" என்று திட்டினேன். ஆனால் மாத்திரையை நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

வெயில் இறங்கியது. வார்டில் விளக்குப் போட்டார்கள். கை அப்படியே கிடந்தது. வாய் ஓயாத மனுஷன் விரல்களையே வெறித்துக்கொண்டிருந்தார். என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. டாக்டரம்மாவை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தபோது இவர் புருவம் சுருங்கியது.

"என்னங்க?"

"சுண்டு விரல்ல ஏதோ குறுகுறுங்குது." பல்லைக் கடித்தார். "வலிக்குதுடி. அய்யோ, எல்லா விரலும் வலிக்குது."

கட்டுக்கு வெளியே விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி நிமிர்ந்தன. அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடுகிறது, வாயெல்லாம் பல். எனக்கும் அதே கதிதான்.

நர்ஸ் ஓடி வந்தாள். "மாத்திரை போடலையா? ரெண்டு பேரும் ஏன் அழறீங்க?"

"வலி வந்துடுச்சும்மா" என்றேன்.