நான்காம் டீமின் மஞ்சள் டேப்

மஞ்சள் குறியில் நின்ற பையனின் தோளில் வெளிச்சம் விழுந்தது. முகம் இருட்டில் இருந்தது. நான் வைத்த ஸ்பாட் லைட் அசையவில்லை. அப்படியென்றால் குறியைத்தான் யாரோ நகர்த்தியிருக்க வேண்டும்.

துபாயில், கல்லூரி மாணவர்களுக்கு வருஷாவருஷம் நடக்கும் மராத்தி ஓரங்க நாடகப் போட்டிக்கு நான் லைட் போட்ட முதல் வருஷம் அது. மராத்தி எனக்கு இன்றுவரை வராது. ஆள் எங்கே நிற்கிறார், எப்போது திரும்புகிறார் என்று பார்த்தே ஓட்டிவிடுவேன். நடிகர்கள் நிற்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு டீமும் காலையில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டும். அந்தக் குறிக்கு நேராக நான் லைட்டைத் திருப்பி வைப்பேன். நான்காம் டீமுக்கு மஞ்சள், ஐந்தாம் டீமுக்கு நீலம். போட்டியில் லைட்டுக்கென்று தனி மதிப்பெண் உண்டு.

சாப்பாட்டு நேரத்தில் மேடையில் நான் பார்த்தது ஒரே ஆளைத்தான்: ஐந்தாம் டீமின் ஸ்டேஜ் மேனேஜர் காயத்ரி. மும்பையில் வேர்விட்ட தமிழ்க் குடும்பத்துப் பெண். கையில் டேப் உருளை. காலையில் நான்காம் டீம் ரிகர்சலை உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுத்ததும் அவள்தான். அப்போதே எனக்கு உறுத்தியது.

நேரே போய், காயத்ரிதான் குறியை நகர்த்தினாள் என்று போட்டியை நடத்தும் சுதீரிடம் சொன்னேன். அவர் இந்தியில் கேட்டது ஒன்றுதான்: "பக்காவா, பாய்? ஆமான்னா அந்த டீமை நீக்கிடுவேன்."

தலையாட்டினேன்.

காயத்ரி என்னைத் தேடி வந்தாள். அழவில்லை.

"அங்கிள், நான் டேப்ப நகர்த்தினத கண்ணால பாத்தீங்களா?"

"மேடையில நீ மட்டும்தானம்மா இருந்த."

"எங்க ப்ராப்ஸ் சாமான்ல டீம் பேர் ஒட்டிக்கிட்டு இருந்தேன்."

"அவங்க ரிகர்சல்ல என்ன எழுதின?"

"ரெண்டு டீமுக்கும் ஒரே கட்டில். அவங்க அத எப்ப வெளிய எடுப்பாங்கன்னு எழுதினேன். சரி, மஞ்சளப் பாத்தீங்க. எங்க நீலத்தப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை.

அவர்கள் டீமுக்கு வைத்த லைட்டைப் போட்டேன். நீலக் குறியில் போய் நின்றாள். அவள் முகமும் இருட்டில்தான் இருந்தது. அப்போதுதான் கவனித்தேன்: மஞ்சள், நீலம் எல்லாம் டைல்ஸ் பதித்தது போல ஒரே வரிசையில் இருந்தன. பிள்ளைகள் அப்படி ஒட்டவில்லை.

மாப்போடு ஓரமாக நின்ற முருகேசனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஹாலில் கிளீனிங் வேலை, தங்குவது சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில், ஊர் பெரம்பலூர்.

"நாந்தாண்ணே. இந்தப் பொண்ணு எறங்கிப் போனப்புறம் சூப்பர்வைசர் மேடையத் தொடைக்கச் சொன்னாரு. டேப்ப வச்சுக்கிட்டு எப்படித் தொடைக்கிறது? உரிச்சுட்டுத் தொடைச்சேன். பசங்க கோணல்மாணலா ஒட்டியிருந்துச்சுங்க, நான் நேரா ஒட்டி விட்டேன்."

காயத்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. லைட் வைத்த பிறகு மேடையைத் துடைக்கக் கூடாது. அதைக் கிளீனிங் ஆட்களிடம் சொல்லி வைப்பது லைட்மேன் வேலை. நான் சொல்லவில்லை.

சுதீரிடம் திரும்பப் போனேன். "தப்பு என்னுது. ரெண்டு டீம் குறியும் நகர்ந்திருக்கு. தொடைக்க வேணாம்னு நான் சொல்லி வைக்கல." முருகேசன் பேரை எடுக்கவில்லை. "கலாஸ், விஷயம் முடிஞ்சது. யாரையும் நீக்கல. போய் சரி பண்ணுங்க" என்றார் சுதீர். பார்வையாளர்களுக்குக் கதவு திறப்பதற்குள் இரண்டு டீமும் புதிதாக டேப் ஒட்டின. நான் லைட்டை மறுபடி வைத்தேன்.

காயத்ரி தன் டேப் உருளையை என் மேஜையில் வைத்தாள். "நீங்களே வச்சுக்கோங்க அங்கிள். என் கையில இருந்தா வம்பு."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். லைட் வைத்து முடித்ததும், மாப் பிடிப்பவரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். அதையும் மீறி ஏதாவது நகர்ந்திருந்தால், நீங்கள் சந்தேகப்படுகிற ஆளின் குறிக்கும் ஒரு தடவை லைட் போட்டுப் பாருங்கள்.