போலீஸ் லைனில் ஒரு திருடி

திண்டிவனம் போலீஸ் லைனில் அம்சவள்ளி செய்யாத குற்றம் கிடையாது. திருடினாள், வழிப்பறி செய்தாள், குடித்துவிட்டு ரகளை பண்ணினாள், ஒருநாள் கள்ள நோட்டுக்கூட அடித்தாள். எல்லாம் சாயங்கால வேளையில், வீட்டு வாசலில், கட்டிய புருஷன் கண்ணெதிரில். அந்தப் புருஷனோ போலீஸ்காரர், கான்ஸ்டபிள் அப்பாதுரை. பக்கத்து வீட்டு சவுரியம்மாள் முதல் தடவை அதைப் பார்த்தபோது கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"அடியே அம்சா! இன்னாடி இது, உன் ஊட்டுக்காரு உனக்கே வெலங்கு மாட்டி இழுத்துக்கினு போறாரு?"

"பரீட்சைக்குப் படிக்கிறாருக்கா" என்றாள் அம்சவள்ளி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அது முப்பத்தெட்டாம் வருஷம். அப்பாதுரைக்குக் கைதிகளைக் கூட்டிப்போகும் வேலை. விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலேற்றி, கடலூர் ஜெயிலில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். எப்போது போவார், எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கல்யாணமான நாளிலிருந்து அம்சவள்ளி செய்த குடித்தனம். சில நாள் அழுகையே வந்துவிடும். அவர் ஏட்டாகி ஸ்டேஷன் ரைட்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சூடாகச் சாப்பிடலாம். அவள் கேட்டது அவ்வளவுதான். நகையா கேட்டாள், நட்டா கேட்டாள்?

அந்த நாற்காலிக்குக் குறுக்கே இங்கிலீஷ் நின்றது. ரைட்டர் என்றால் கேசுகளை இங்கிலீஷில் எழுத வேண்டும். அதற்காக விழுப்புரத்து முகாம் பங்களாவில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வாய்ப் பரீட்சை வைப்பார். அவர் ஒரு குற்றத்தைத் தமிழில் சொன்னால் இவர்கள் இங்கிலீஷில் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்பாதுரைக்கு வார்த்தைகள் தெரியாமல் இல்லை. வண்டி வண்டியாகத் தெரியும்! எந்த வார்த்தை எதோடு சேரும் என்பதுதான் பிடிபடவில்லை. முதல் தடவை, திருட்டை 'மேக்' பண்ணினான் என்றார். அடுத்த தடவை, குற்றத்தை 'டூ' பண்ணினான் என்றார். இரண்டு தடவையும் அதிகாரி சிரித்து அனுப்பிவிட்டார். மூன்றாவதுதான் கடைசி, அதற்குமேல் போனால் வயசு தாண்டிவிடும்.

"திருட்டுன்னா கமிட்டாம், அமைதியக் கெடுத்தா பிரீச்சாம். இதுங்களுக்கு எவன் சம்பந்தம் பேசி முடிச்சான்? பேஜாராப் போச்சு!" என்று அப்பாதுரை தலையில் அடித்துக்கொண்டார்.

"எவன் பேசி முடிச்சா உங்களுக்கு இன்னாங்க? ஜோடி சேத்தாச்சு, பிரிக்கக் கூடாது. அவ்ளோதானே?" என்றாள் அம்சவள்ளி.

அவள் சும்மா சொல்லவில்லை. அவளுடைய அப்பா பச்சைமுத்து செஞ்சிப் பக்கம் பேர்போன கூத்தாடி. கட்டியங்காரன் வேஷம் கட்டி வந்தாரென்றால் சிரித்துச் சிரித்து ஜனங்களுக்கு வயிறு வலிக்கும். எழுத்து வாசனையே இல்லாத மனுஷன் எத்தனை மணி நேரமானாலும் ஒரு சொல் பிசகமாட்டார். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு அடவு போட்டுப் பழகுவார். கால் எடுத்து வைத்தால் வார்த்தை தானாக வந்து விழும். சின்னப் பெண்ணாக உரல்மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் அம்சவள்ளி.

"வார்த்தைய மண்டையில ஏத்தாதீங்க, இறங்கிப் பூடும். காலுல ஏத்துங்க" என்றாள் அவள்.

"போலீஸ்காரனக் கூத்தாடச் சொல்றியா?"

"உங்க சவுரியம். நான் சோத்தை மூடி வச்சிக்கினே கெழவி ஆயிடுறேன்."

அப்பாதுரை எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

அவர் வீட்டிலிருந்த சாயங்காலம் ஒவ்வொன்றிலும் அம்சவள்ளி குற்றவாளி ஆனாள். பூனை நடை நடந்து சவுரியம்மாளின் செம்பைத் தூக்குவாள். அப்பாதுரை இரண்டு எட்டு வைத்து "கமிட்டட்" என்பார், ஒரு மிதி மிதித்து "தெஃப்ட்" என்பார். செம்பும் கையுமாக மணிக்கட்டைப் பிடித்தால் "காட் ரெட் ஹேண்டட்". அவள் திமிறினால், பின்வாங்கி ஒரு சுற்றுச் சுற்றி "ரெஸிஸ்டட் அரெஸ்ட்". தெருவில் நின்று கூச்சல் போட்டால் "பிரீச் ஆஃப் த பீஸ்". அவள் விறகைத் திருடிக்கொண்டு எதிரிலேயே போக, இவர் பார்க்காததுபோல் காலை மாற்றி வைத்துத் திரும்பிக்கொண்டால் "டர்ன்டு எ பிளைண்ட் ஐ". சேர்க்கை தப்பினால் அடவு இடறும், அவரே தடுமாறி விழப்போவார். லைனே வந்து கூடிவிட்டது. சவுரியம்மாளின் புருஷன் இருதயராஜ் வறுத்த மல்லாட்டைக் கடலையை மடியில் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, "இன்னைக்கு இன்னா குத்தம்மா? கொலை ஒண்ணு பண்ணேன், பாக்கலாம்" என்பார். அம்சவள்ளிக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. புருஷனோடு இத்தனை நேரம் சேர்ந்து சிரித்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

பரீட்சை நாளன்று கட்டுச்சோற்றோடு அவளும் கூடவே ரயிலேறினாள். விழுப்புரத்து முகாம் பங்களாவில் போலீஸ்காரர்கள் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். அவள் வேப்பமரத்தடியில் ஒதுங்கினாள். காற்றுக்காகக் கதவை அகலத் திறந்து வைத்திருந்ததால் உள்ளே நடப்பது அங்கிருந்தே தெரிந்தது. அப்பாதுரையின் பேரைக் கூப்பிட்டார்கள். அவர் போய் பூட்ஸ் காலைச் சேர்த்து ஒரு சல்யூட் வைத்தார்.

"ஒருவன் திருடினான். கையும் களவுமாகப் பிடிபட்டான். சொல்" என்றார் அதிகாரி. புத்தகத்தில் தமிழ் படித்தவர் அவர்.

அப்பாதுரை வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

அம்சவள்ளி அவர் பூட்ஸ் காலைப் பார்த்தாள். அட்டென்ஷன்! ஐயோ, அதை எப்படி மறந்தாள்? அதிகாரி முன்னால் போலீஸ்காரன் காலை அசைக்கக் கூடாதே! அவள் படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் காலில் அல்லவா இருந்தது! பூட்சுக்குள் அவர் கட்டைவிரல் துடிப்பது அவளுக்கு மரத்தடியிலிருந்தே தெரிந்ததுபோல் இருந்தது. கெடுத்தது நான்தான், பாவி நான்தான் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அதிகாரி பேனாவை எடுத்தார். எழுதிவிட்டால் முடிந்தது கதை.

வராந்தா ஆணியில் அந்த அதிகாரியின் தொப்பி தொங்கியது. அம்சவள்ளி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. விடுவிடுவென்று ஏறிப் போய் அதை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அப்பனைப் போலவே இடுப்பை ஒடித்து, திறந்த கதவுக்கு நேரே பூனை நடை நடந்தாள்.

அவ்வளவுதான், அப்பாதுரையின் கால்கள் கிளம்பிவிட்டன. "கமிட்டட் தெஃப்ட், சார்!" என்று ஒரு மிதி. பாய்ந்து வெளியே வந்தார். அவள் ஓடினாள். வேப்பமரத்தைச் சுற்றி ஒரு ஓட்டம், கிணற்றைச் சுற்றி ஒரு ஓட்டம். "டிஸார்டர்லி காண்டக்ட், சார்! பிரீச் ஆஃப் த பீஸ், சார்! ரெஸிஸ்டட் அரெஸ்ட், சார்!" கடைசியில் மணிக்கட்டைப் பிடித்து, "காட் ரெட் ஹேண்டட், சார்!" என்று தூசி பறக்க நின்றார். ஒரு ஜோடிகூடப் பிரியவில்லை. வராந்தாவிலிருந்த போலீஸ்காரர்கள் சிரிப்பை விழுங்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

அதிகாரி படியிறங்கி வந்தார்.

"இந்த ஸ்திரீ யார்? உனக்குத் தெரிந்தவளா?"

அப்போதுதான் அம்சவள்ளிக்கு உறைத்தது. இது செம்பு இல்லை, வெள்ளைக்காரத் தொரையின் தொப்பி. பொண்டாட்டி என்று சொன்னால், கூட்டுச் சேர்ந்து பரீட்சையில் மோசம் பண்ணினார்கள் என்று ஆகும். நாற்காலி என்ன, இருக்கிற உத்தியோகமும் போகும். தெரியாது என்று சொன்னால் போதும், அவர் திருடியைப் பிடித்த சூரன். 'தெரியாதுன்னு சொல்லித் தொலைங்க' என்று அவரைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள்.

அப்பாதுரை அவள் கையை விட்டார். காலைச் சேர்த்து அட்டென்ஷனில் நின்றார்.

"மை ஒய்ஃப், சார். ஷி மென்ட் நோ ஹார்ம், சார். ஐ டேக் த பிளேம், சார். ஃபுல் பிளேம்."

அதிகாரி அம்சவள்ளியின் தலையிலிருந்து தொப்பியை எடுத்துத் தட்டிவிட்டுத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "லெட் ஹர் ஆஃப் வித் எ வார்னிங்" என்றார். எச்சரித்து விட்டுவிடவாம்! அப்பாதுரை எச்சரிக்கத் திரும்பினார். "இன்னா புள்ள நீ..." என்று ஆரம்பித்தவர் அவள் முந்தானையில் படிந்த தூசியைத் தட்டிவிட்டார். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தபடி உள்ளே போய், 'தேறினான்' என்று எழுதிவிட்டார்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பாதுரை திண்டிவனத்திலேயே ரைட்டர் ஏட்டு ஆனார். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் சுடச்சுட இறங்கும், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யுத்தம் வந்து போகிறவரைக்கும் பரீட்சைக்குப் போகும் போலீஸ்காரர்கள் அத்தனை பேரும் அம்சவள்ளியைத் தேடி வந்தார்கள். அவளும் சளைக்காமல் எல்லாருக்கும் திருடினாள். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுவாள்: "தொரை எதிர்ல பூட்சுக்குள்ள கட்டைவிரலை மட்டும் ஆட்டணும். அதுக்குப் பழகிக்கினு போங்க."

அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது இதெல்லாம் வருமென்று அவளுக்குத் தெரியாது. கட்டுச்சோற்றைப் பிரித்து அவர் கையில் உருண்டை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, டேக் பிளேம்னு. அப்டின்னா இன்னாங்க?"

"பழிய நான் ஏத்துக்கிறேன்னு."

"அதுக்கு நான் அடவே சொல்லித்தரலையே! அதோட ஜோடி உங்களுக்கு எப்டித் தெரிஞ்சுச்சு? காலக்கூட அசைக்காம நின்னீங்களே."

அப்பாதுரை உருண்டையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியல, அம்சா. உன்னை நெசமாவே லாக்கப்புல தள்ளிடுவானோன்னு பயமாப் போச்சு. அதுவா வந்துச்சு."

அம்சவள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல சாப்புடுங்க" என்று அதட்டிவிட்டு, அடுத்த உருண்டையை உருட்டினாள்.