சாக்கு கட்டிய குரோட்டன்ஸ்

வாசல் முழுக்கச் சிமெண்ட் தளம் போட வேண்டும், கார் உள்ளே வர இடைஞ்சலாக நிற்கும் குரோட்டன்ஸை வெட்ட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்தபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொத்தனாரிடம் நாள் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தச் செடி, நான் விளாத்திகுளத்தில் வேலை பார்த்தபோது அலுவலக வாசலில் ஒடித்த குச்சி. யாரையும் கேட்காமல் ஒடித்ததுதான், ஒத்துக்கொள்கிறேன். ஈரக் கர்சீப்பில் சுற்றி, பஸ்ஸில் நின்றுகொண்டே கோவில்பட்டி வரை கொண்டுவந்தேன். கோடையில் எங்கள் கரிசல் மண் வெடித்து வேரை அறுத்துவிடும் என்று, குழி தோண்டிச் செம்மண் நிரப்பி நட்டேன். இப்போது என் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது.

"ஏட்டி, இது எங்க போனாலும் கெடைக்கும். அபூர்வமான வகைன்னு காட்டு, விட்டுருதேன்" என்றார்.

"காட்டுதேன். அதுவரைக்கும் கொத்தனாரு இங்கன வரப்படாது" என்றேன்.

பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. வெப்ப நாட்டு அலங்காரச் செடிகளைப் பற்றிய தடித்த இங்கிலீஷ் புத்தகம். அட்டை கிடையாது, ஓரமெல்லாம் பூச்சி தின்றிருந்தது. இலையைப் பறித்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அகராதியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் கிடைத்தது. நீள இலை, நுனியில் முறுக்கு, ரத்தச் சிவப்பு. 'அபூர்வம்' என்றே போட்டிருந்தது. அவர் முகத்துக்கு நேரே பக்கத்தை நீட்டினேன். அன்று நான் அடித்த தம்பட்டம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அதோடு புத்தகத்தை மூடியிருக்கலாம். அடிக்குறிப்பைப் படித்துத் தொலைத்தேன். படங்களெல்லாம் நிழலில் வளர்த்த செடிகள், கடும் வெயிலில் மஞ்சள் வகையும் சிவந்துவிடும் என்று இருந்தது. கோவில்பட்டி வெயிலில் வாங்கிய நிறத்தைப் போய் நம்பியிருக்கிறேன், மடச்சி!

மறைத்திருக்கலாம்தான். ஆனால் பொய்ப் பேரில் அந்தச் செடி பிழைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு கிளைக்கு மேல் சாக்கைக் கட்டி நிழல் போட்டுவிட்டு ஆறு வாரம் காத்திருந்தேன். புதிதாகத் துளிர்த்த இலைகள் பச்சையில் மஞ்சள் கோடு ஓடிப் பளிச்சென்று வந்தன. புத்தகத்தில் அதற்கும் படம் இருந்தது. கீழே ஒரே வரி: எல்லாத் தோட்டங்களிலும் காணப்படும் சாதாரண வகை.

அந்த வரியை நானே அவருக்கு வாசித்துக் காட்டினேன். "நான்தான் அப்பமே சொன்னேன்லா" என்று கொத்தனாருக்குப் போன் போட எழுந்தார். நான் போய்ச் செடிக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"சாதாரணம்னா வெட்டிருவீங்களோ? நானும் ஊருக்கு ஊரு இருக்க சாதாரணப் பொம்பளதான். என்னையும் அனுப்பிட்டு வேற ஒருத்தியக் கூட்டிட்டு வாரீங்களா?"

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தளம் போட்டாகிவிட்டது. செடியைச் சுற்றி இரண்டடிக்கு மண்ணை விட்டுத்தான் கொத்தனார் பூசினார். நான் சாக்கை அவிழ்த்துவிட்டேன், அந்தக் கிளையும் இப்போது சிவந்துவிட்டது. கார் தெருவில் நிற்கிறது. நிற்கட்டும்.